நர்சிங் கல்லூரி நடத்துபவர்களுக்கு: ஜெர்மன் சொல்லித்தருவது ஏஜென்சியின் வேலை அல்ல, உங்கள் வேலை

தமிழ்நாட்டில் நர்சிங் கல்லூரி நடத்தும் தாளாளர்களுக்கும் முதல்வர்களுக்கும் வணக்கம்.

விடுமுறையில் ஊருக்கு வந்தால் பேருந்து நிலையம் தாண்டியதும் கண்ணில் படுவது உங்கள் கல்லூரிகளின் ஃபிளெக்ஸ்தான். முன்பெல்லாம் "நூறு சதவீத வேலைவாய்ப்பு" என்று போட்டிருந்த இடத்தில் இப்போது ஜெர்மன் கொடி, கீழே "படிப்பு முடிந்ததும் ஜெர்மனி, மாதம் மூன்று லட்சம்". இதை முழுப் பொய் என்று சொல்ல வரவில்லை. நான் இருக்கும் ஜெர்மனியில் ஆள் தேவை இருக்கிறது. இந்தியத் திறன் பணியாளர்களுக்கு ஆண்டுக்கு 20,000 விசா என்றிருந்ததை 90,000 வரை உயர்த்தப் போவதாக 2024 அக்டோபரில் ஜெர்மன் அரசே அறிவித்தது. மூன்று லட்சமும் கணக்குப் போட்டால் வரும், பிடித்தம் போவதற்கு முன்பு. கையில் வருவது ஏறக்குறைய அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதுவும் இங்கே நர்ஸ் என்று அங்கீகாரம் கிடைத்த பிறகு. அந்த அங்கீகாரத்துக்கு நடுவில் நிற்பது மொழி. ஃபிளெக்ஸில் அதற்கு மட்டும் இடம் போதவில்லை போல.

நானும் உங்களைப் போன்ற ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, சென்னையில் கொஞ்ச காலம் வேலை பார்த்து, ஜெர்மன் படித்து இங்கே வந்தவள்தான். ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு மருத்துவமனையில், வயதானவர்கள் அதிகம் படுத்திருக்கும் வார்டில் இருக்கிறேன். நம் ஊரிலிருந்து புதிதாக வரும் பிள்ளைகளுக்கு வேலை காட்டிக்கொடுப்பது, தமிழ் தெரியும் என்பதால், பெரும்பாலும் என் தலையில்தான் விழும். அவர்களைப் பார்த்துப் பார்த்துச் சேர்ந்த ஆதங்கம்தான் இந்த மடல். யாரையும் அவமானப்படுத்த எழுதவில்லை, அதற்காகச் சுற்றி வளைத்துப் பேசவும் போவதில்லை.

வருகிற பிள்ளைகளுக்கு வேலை தெரிகிறது. ரத்தக்குழாயில் கேனுலா என்கிற ஊசிக்குழாய் போடுவதில் இங்கே இருக்கும் பலரை விடக் கை தேர்ந்தவர்கள், அவசரத்தில் பதறாதவர்கள், ஒரே டூட்டியில் முப்பது நோயாளியைப் பார்த்துப் பழகியவர்கள். மாட்டிக்கொள்வதெல்லாம் வாயைத் திறக்க வேண்டிய இடத்தில்தான். அந்த இடம் இந்த வேலையில் எவ்வளவு பெரியது என்று அவர்களுக்கு யாருமே சொல்லி அனுப்பவில்லை. "நர்சிங்கை நாங்கள் சொல்லித்தருவோம், மொழியை வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி பார்த்துக்கொள்ளும்" என்று நீங்கள் பாகம் பிரித்துவிட்டீர்கள். வார்டில் வந்து பார்த்தால் அப்படி இரண்டு பாகம் கிடையாது.

நடைமுறையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏஜென்சிக்காரர் சொன்ன அளவுக்குத்தான் உங்களில் பலருக்கு இது தெரியும் என்பது பிள்ளைகள் பேசுவதிலிருந்து புரிகிறது. ஐரோப்பிய கவுன்சில் 2001-இல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோலில் ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகள். நர்சுகள் பெரும்பாலும் பி1 முடித்துவிட்டு விமானம் ஏறுகிறார்கள், சிலர் பி2 முடித்து வருகிறார்கள். இங்கே உரிமம் கொடுப்பது அந்தந்த மாநிலத்து அதிகாரிகள், மொத்தம் 16 மாநிலங்கள், பெரும்பாலும் பி2 கேட்பார்கள். நம் படிப்பை அவர்கள் படிப்போடு ஒப்பிட்டு, இன்னின்னது குறைகிறது என்று ஒரு கடிதம் வரும். அந்தக் குறையைத் தீர்க்க இரண்டு வழி: சில மாதங்கள் ஓடும் தகவமைப்புப் பயிற்சி, இல்லையென்றால் 'கென்ட்னிஸ்ப்ரூஃபுங்' என்கிற அறிவுத் தேர்வு. அந்தத் தேர்வு வாய்மொழியும் செய்முறையும்தான். நோயாளியிடம் பேசி, பராமரிப்புத் திட்டம் எழுதி, ஏன் அப்படிச் செய்தேன் என்று தேர்வாளர்களுக்கு ஜெர்மனில் விளக்க வேண்டும். தோற்ற பகுதியை ஒரு முறைதான் திரும்ப எழுதலாம். இதெல்லாம் முடிந்து உரிமம் கைக்கு வரும் வரை அந்தப் பெண் உதவியாளர் சம்பளத்தில் உதவியாளர் வேலை பார்ப்பாள். நாலு வருஷம் படித்து, ஐசியூவில் இருந்துவிட்டு வந்தவள். பி2 ஆறு மாதம் தள்ளிப்போனால் ஆறு மாதச் சம்பள வித்தியாசம் அவளுடையது, ஊரில் வாங்கிய கடனுக்கு வட்டியும் அவளுடையது.

இப்போது வார்டுக்கு வருவோம். எனக்கு முக்கியம் இதுதான், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

நம் ஊரில் நோயாளியோடு ஒரு அட்டெண்டர் இருப்பார். பல் விளக்கிவிடுவது, உடம்பு துடைப்பது, கஞ்சி கொடுப்பது, "நேத்து ராத்திரி தூங்கவே இல்ல சிஸ்டர்" என்று வந்து சொல்வது எல்லாம் அந்த மகளோ மனைவியோ செய்வது. நர்ஸ் மருந்து கொடுப்பார், ஊசி போடுவார், சார்ட் எழுதுவார். ஜெர்மனியில் அட்டெண்டர் என்று ஒருவரே கிடையாது. காலை ஆறரைக்கு உள்ளே போனால் குளிப்பாட்டுவதிலிருந்து நாம்தான். அரை மணி நேரம் ஒருவருடைய உடம்பைத் தொட்டு வேலை செய்யும்போது வாயை மூடிக்கொண்டு செய்ய முடியாது, செய்தால் அவர்களுக்கு அது அவமரியாதை. அந்தப் பேச்சில்தான் உண்மையான தகவல் வரும்: இரவு தலை சுற்றியது, மாத்திரையைத் துப்பிவிட்டேன், மகன் போன் எடுக்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை. இதைக் காதில் வாங்கி, எது டாக்டருக்குப் போக வேண்டும், எது அடுத்த ஷிஃப்ட்டுக்குப் போக வேண்டும் என்று பிரிப்பதுதான் நர்சின் வேலை. 2020-இல் நடைமுறைக்கு வந்த செவிலியர் சட்டத்தில், உரிமம் பெற்ற நர்ஸ் மட்டுமே செய்யலாம் என்று சில பணிகளை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அவை ஊசியோ டிரெஸ்ஸிங்கோ அல்ல. நோயாளிக்கு என்ன பராமரிப்பு தேவை என்று கண்டறிவது, அதைத் திட்டமிட்டு வழிநடத்துவது, தரத்தை மதிப்பிடுவது. மூன்றுமே பேச்சும் எழுத்தும்.

அப்புறம் ஓவர் கொடுப்பது, அதாவது ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளின் நிலையை அடுத்து வருபவருக்குச் சொல்லி ஒப்படைப்பது. பி2 தேர்வில் பேச்சுப் பகுதி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமோ என்னவோ: ஒரு தலைப்பில் சின்ன உரை, பிறகு கூட இருப்பவரோடு ஒரு விவாதம், வீட்டிலிருந்து வேலை நல்லதா கெட்டதா என்கிற மாதிரி. பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். வார்டில் பத்துப் பன்னிரண்டு நோயாளியைப் பற்றி, ஒருவருக்கு ஒரு நிமிடம் என்ற வேகத்தில், பாதி வாக்கியமும் பாதி சுருக்கெழுத்துமாக ஒருவர் சொல்லிக்கொண்டே போவார். அதைக் கேட்டுக்கொண்டே எழுத வேண்டும். நம் ஊர் சார்ட்டில் 'ஆர்ஆர்' என்றால் மூச்சு எண்ணிக்கை. இங்கே 'ஆர்ஆர்' என்றால் ரத்த அழுத்தம், அதை அளக்கும் கருவியை உண்டாக்கிய ரீவா-ரோச்சியின் பெயரை வைத்து. 'ஆர்ஆர் 160' என்று பார்த்துவிட்டு மிரண்டுபோன பிள்ளைகள் உண்டு. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தை 5.000 என்று எழுதியிருந்தால் அது ஐயாயிரம். இங்கே ஆயிரத்துக்குப் புள்ளி, தசமத்துக்குக் கமா. பொட்டாசியம் 3,8 என்றுதான் எழுதுவார்கள். 84 என்பதை நாலை முதலில் சொல்லி எண்பதைப் பிறகு சொல்வார்கள். லேபிலிருந்து போனில் வேகமாகச் சொல்லும்போது 84-ஐ 48 என்று எழுதாமல் இருக்கக் காது பழகியிருக்க வேண்டும். நேரமும் அப்படித்தான். 'ஹால்ப் ஆஹ்ட்' என்று கேட்டதும் நம் பிள்ளைக்கு எட்டரை என்று தோன்றும், ஆனால் அது ஏழரை. எங்கள் பக்கத்தில் 'ஃபீர்டல் ஆஹ்ட்' என்றால் ஏழேகால். இதெல்லாம் ஒரு வாரத்தில் சொல்லிக்கொடுத்துவிடக் கூடிய சங்கதிகள். ஆனால் தேர்வில் இவற்றில் பாதி வராது, வராததை ஏஜென்சி வகுப்பில் நடத்த மாட்டார்கள், அவர்கள் வியாபாரம் அப்படி.

வட்டாரப் பேச்சைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்தால் தனி மடல் எழுத வேண்டும். நான் இருப்பது சுவேபியன் பேசும் பகுதி. இங்கே ஒரு பாட்டி 'ஃபூஸ்' வலிக்கிறது என்றால் பாதம் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது, இடுப்புக்குக் கீழே எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். நம் ஊரில் "கால் வலிக்குது" என்றால் எங்கே என்று கேட்போமே, அதே கதை. பாடப் புத்தகத்தில் 'ஹேபன்' என்றால் தூக்குவது, இங்குள்ள தாத்தா அதைச் சொன்னால் பிடித்துக்கொள் என்று பொருள். 'டெப்பிஷ்' கேட்டால் தரைவிரிப்பைத் தேட வேண்டாம், போர்வை கேட்கிறார். பவேரியாவுக்குப் போனவளுக்கு வேறு பாடம், வடக்கே போனவளுக்கு வேறு. மறதி நோய் வந்தவர்கள் சின்ன வயதில் பேசிய பேச்சுக்கே திரும்பிவிடுவார்கள், பல்செட்டையும் கழற்றி வைத்துவிட்டுப் பேசுவார்கள். இதைச் சென்னையில் உட்கார்ந்து முழுசாகக் கற்றுக்கொடுக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இப்படி ஒன்று இருக்கிறது, புரியாவிட்டால் அது உன் முட்டாள்தனம் அல்ல, திரும்பக் கேள் என்று சொல்லி அனுப்ப முடியும்.

திரும்பக் கேள். உங்கள் மேல் எனக்கு இருக்கும் மிகப் பெரிய வருத்தம் இந்த இடத்தில்தான்.

நம் நர்சிங் கல்லூரிகளில் பிள்ளைகளை எப்படி வளர்க்கிறோம் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மேடம் வந்தால் எழுந்து நில், 'எஸ் மேடம்' சொல், எதிர்த்துப் பேசாதே, சீனியர் முன்னால் சத்தமாகச் சிரிக்காதே, ரவுண்ட்ஸில் டாக்டரிடம் நீயாக எதுவும் கேட்காதே. கேள்வி கேட்டவளுக்கு 'வாயாடி' என்று பெயர், இன்டர்னல் மார்க்கில் அதன் விலை தெரியும். நாலு வருஷம் வாயை அடக்கி வைத்துவிட்டு, கடைசி ஆறு மாதத்தில் ஜெர்மன் வாத்தியாரைக் கூப்பிட்டு "இவளைப் பேச வையுங்கள்" என்றால் எப்படிப் பேசுவாள்? இங்கே வந்ததும் அவள் செய்வது, புரிந்தாலும் புரியாவிட்டாலும் 'யா, யா' என்று தலையாட்டுவது. ஜெர்மன்காரர்கள் இந்த விஷயத்தில் நேரடி மனிதர்கள். தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று நம்பிப் போய்விடுவார்கள். மத்தியானம் வேலை நடக்காமல் கிடக்கும்போது 'புரியவில்லை' என்ற எண்ணமே அவர்களுக்கு வராது, 'பொறுப்பில்லாதவள்' என்றுதான் வரும். அந்தப் பெயர் ஒரு முறை வந்துவிட்டால் போக்குவது கஷ்டம். எங்கள் வார்டில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருக்கிறார், எண்பதுகளில் அகதியாக வந்து, வகுப்பு எதுவும் இல்லாமல் வேலை செய்த இடங்களிலேயே மொழியைப் பிடித்தவர், அச்சு அசலாகச் சுவேபியன் பேசுவார். புதுப் பிள்ளைகளிடம் அவர் சொல்வது ஒன்றுதான்: "பிள்ளை, விளங்கேல்லையெண்டா விளங்கேல்லையெண்டு சொல்லு, சும்மா தலையாட்டாதை." அவருடைய அந்த வரிக்கு உள்ள பயன் பல பி1 புத்தகங்களுக்கு இல்லை.

வேறொரு கொடுமையும் சொல்ல வேண்டும். வளாகத்தில் தமிழ் பேசினால் அபராதம் என்று சில கல்லூரிகளில் இன்னும் இருக்கிறது. அதனால் யாருக்கும் ஆங்கிலம் வந்ததாக நான் பார்க்கவில்லை, பேச்சு குறைந்ததுதான் மிச்சம். தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு இன்னொரு ஐரோப்பிய மொழி ஏறாது என்று உங்களில் சிலர் சேர்க்கையின்போதே பெற்றோரிடம் சொல்கிறீர்கள். நான் பார்த்த வரை அது நேர்மாறு. ஜெர்மனில் நாலு வேற்றுமை. பள்ளியில் எட்டு வேற்றுமை படித்த பிள்ளைக்கு அவற்றை முதலாம், இரண்டாம், நான்காம், ஆறாம் வேற்றுமை என்று சொன்னால் ஏறக்குறைய பிடித்துக்கொள்வாள். அங்கங்கே முட்டும், அதைத் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம். 'டாக்டர் சொன்னதால் நான் மாத்திரையை நிறுத்தினேன்' என்பதில் 'சொன்னதால்' எங்கே வருகிறது, அந்தத் துண்டின் கடைசியில்தானே? ஜெர்மனிலும் துணை வாக்கியத்தில் வினை கடைசிக்குப் போகும். ஆங்கிலம் வழியாகச் சொல்லிக்கொடுத்தால் இது பெரிய புதிராகத் தெரியும், தமிழ் வழியாகச் சொன்னால் 'அட, நம்மளை மாதிரிதான்' என்பாள். ஆனால் கிடைக்கிற ஆசிரியர்களில் பலர் ஆங்கிலம் வழியாக மட்டுமே நடத்துகிறார்கள், ஆங்கிலமே தட்டுத்தடுமாறும் பிள்ளைக்கு இரண்டு சுமை. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் பால் காட்ட வரும் டேர், டீ, டாஸ் என்கிற சனியனுக்கு மட்டும் எந்த மொழியும் உதவாது, மனப்பாடம்தான்.

சரி, நேரக் கணக்கைப் பார்ப்போம். பி2 எட்ட, 45 நிமிடப் பாடவேளையாக 600 முதல் 800 வரை தேவைப்படும் என்று ஜெர்மன் மொழி வகுப்பும் தேர்வும் நடத்தும் கோதே நிறுவனம் சொல்கிறது. 'ஆறே மாதத்தில் பி2' என்று விளம்பரம் செய்கிறவர்கள் இதை எப்படிச் செய்கிறார்கள்? வாரத்தில் ஐந்து நாள், தினமும் ஐந்து பாடவேளை, ஒரு நாள் கூட விடாமல் போனால் 600-ஐத் தொடலாம். வீட்டுப்பாடம் தனி. நைட் டூட்டி பார்த்துவிட்டு வரும் பெண்ணால் இது ஆகுமா? ஆகாது. அவள் வேலையை விட்டுவிட்டு, ஹாஸ்டலில் தங்கி, கடன் வாங்கிப் படிக்கிறாள். முதல் முறை கேட்டல் பகுதியில் தோற்கிறாள். நல்லவேளை, கோதே தேர்வில் நாலு பகுதியையும் தனித்தனியாக எழுதலாம், ஒவ்வொன்றிலும் 100-க்கு 60 வேண்டும், தோற்றதை மட்டும் திரும்ப எழுதினால் போதும். ஆனாலும் தேதி கிடைக்கக் காத்திருப்பதும் கட்டணமும் சேர்ந்து அவளை உலுக்கிவிடும். அந்த நேரத்தில்தான் 'பணம் கொடுத்தால் சான்றிதழ்' என்று ஒருவன் வருவான். அதில் விழுந்தவர்களின் விசா கதையை இங்கே விவரிக்க வேண்டியதில்லை.

இப்போது உங்கள் கையில் இருக்கும் நேரத்தைப் பாருங்கள். நாலு வருஷம். வருஷத்துக்கு 38 வாரம் வகுப்பு நடக்கிறது என்று வைத்துக்கொண்டால், வாரத்துக்கு வெறும் நாலு பாடவேளை போதும்: நாலு வருஷத்தில் 608. பி2-இன் வாசலுக்கு வந்துவிடுகிறாள், வேலையை விடாமல், கடன் வாங்காமல். இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் கொண்டுவந்த புதிய பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டரிலேயே பேச்சு ஆங்கிலம் ஒரு பாடமாக இருக்கிறது. அதை எத்தனை கல்லூரியில் பேச வைத்து நடத்துகிறீர்கள், எத்தனை கல்லூரியில் நோட்ஸ் எழுத வைத்து நடத்துகிறீர்கள் என்று உங்களுக்கே தெரியும். அந்தப் பாடவேளையை உருப்படியாக நடத்தினாலே ஜெர்மனுக்குப் பாதி அடித்தளம் போட்ட மாதிரிதான், ஏனென்றால் நோயாளியிடம் கேள்வி கேட்பதும், ஓவர் கொடுப்பதும், போனில் சொன்னதைத் திரும்பச் சொல்லி உறுதி செய்துகொள்வதும் எந்த மொழியிலும் ஒரே பழக்கம்தான். தமிழிலேயே அதைச் செய்யத் தெரியாமல் நாலு வருஷத்தை முடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

எல்லாரும் ஜெர்மனிக்கா போகப்போகிறார்கள் என்று கேட்பீர்கள். நியாயம். ஜெர்மனை விருப்பப் பாடமாக வையுங்கள், கட்டாயம் ஆக்காதீர்கள், தயவுசெய்து அதற்குத் தனிக் கட்டணம் என்று இன்னொரு ரசீது அடிக்காதீர்கள். இங்கிலாந்து போகிறவளுக்கும் மொழி சும்மா கிடைப்பதில்லை. அங்குள்ள செவிலியர் கவுன்சில் ஐஇஎல்டிஎஸ் என்கிற ஆங்கிலத் தேர்வில் வாசித்தல், கேட்டல், பேசுதல் மூன்றிலும் 7 கேட்கிறது. எழுதுவதில் முன்பு 7 இருந்ததை 2018-இல் 6.5 ஆகக் குறைத்தார்கள். நல்ல நர்சுகளே எழுத்தில் திரும்பத் திரும்பத் தடுக்கி விழுந்ததைப் பார்த்த பிறகுதான் அதைச் செய்தார்கள். ஆங்கிலத்தில் நாலு வருஷம் பரீட்சை எழுதிய பிள்ளைகள் ஒரு பரிந்துரைக் கடிதம் எழுத முடியாமல் நிற்கிறார்கள் என்றால் குறை எங்கே?

இன்னொரு கேள்வியும் வரும்: இங்கே படித்தவர்கள் இங்கேதானே வேலை செய்ய வேண்டும், வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கா கல்லூரி? இதை அரசு அதிகாரி கேட்டால் உட்கார்ந்து பேசலாம், தொகுப்பூதியத்தில் வருஷக் கணக்கில் நிற்கும் நர்சுகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு. ஜெர்மன் கொடியைப் போட்டு சீட்டு நிரப்புகிற நீங்கள் கேட்கக் கூடாது.

பக்கத்து மாநிலத்தையும் பாருங்கள். மலையாளிப் பெண்கள் 1960-களிலேயே சர்ச் வழியாக ஜெர்மனிக்கு வந்து, இங்கேயே மொழியும் நர்சிங்கும் சேர்த்துப் படித்து, இப்போது ஓய்வும் பெற்றுவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு நீண்ட கை கொடுக்கும் வரிசை இருக்கிறது. 2021 டிசம்பரில் வெளிநாடுவாழ் மலையாளிகளுக்கான கேரள அரசு அமைப்பான நோர்க்கா ரூட்ஸ், ஜெர்மன் வேலைவாய்ப்பு முகமையோடு 'ட்ரிபிள் வின்' ஒப்பந்தம் போட்டது. அதில் தேர்வாகும் நர்சுக்கு பி1 வரை மொழிப் பயிற்சி ஊரிலேயே, கட்டணம் இல்லாமல். ஏஜென்சி நேர்மையானதா என்று பார்க்க ஜெர்மன் அரசே 2022 முதல் ஒரு தர முத்திரை வைத்திருக்கிறது, அது பெற்ற நிறுவனங்கள் நர்சிடம் ஆள்சேர்ப்புப் பணம் வாங்கக் கூடாது, செலவு வேலை கொடுப்பவருடையது. உங்கள் கல்லூரிக்குள் ஸ்டால் போடும் ஏஜென்சியிடம் இந்த முத்திரை இருக்கிறதா என்று ஒரு முறையாவது கேட்டிருக்கிறீர்களா? இந்திய விதிப்படியும் பதிவு பெற்ற முகவர் 30,000 ரூபாயும் அதன் மேல் ஜிஎஸ்டியும் தாண்டி சேவைக் கட்டணம் வாங்க முடியாது. பிள்ளைகள் கொடுத்ததாகச் சொல்லும் தொகையைக் கேட்டால் எனக்குத் தலை சுற்றுகிறது. நடுவில் கல்லூரிக்கும் ஒரு பங்கு போகிறது என்று பேச்சு இருக்கிறது. அது உண்மையில்லை என்றால் ஏஜென்சியோடு போட்ட ஒப்பந்தத்தை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுங்கள், பேச்சு அடங்கிவிடும்.

மொழியோடு நேரடியாகச் சேராத ஒன்று, ஆனால் சொல்லாமல் விட முடியவில்லை. ஒரிஜினல் சான்றிதழைப் பிடித்து வைப்பது. இங்கே படிப்பை ஒப்பிட, எந்தப் பாடம் எத்தனை மணி நேரம், எந்த வார்டில் எத்தனை மணி நேரப் போஸ்டிங் என்று கல்லூரி முத்திரையோடு டிரான்ஸ்கிரிப்ட் கேட்பார்கள். அது வந்த பிறகுதான் மொழிபெயர்ப்பு, அதற்குப் பிறகுதான் விண்ணப்பம். ஒரு பெண் பி2 முடித்துவிட்டு, டிரான்ஸ்கிரிப்டுக்காக உங்கள் அலுவலகத்துக்கு மாதக்கணக்கில் நடந்தால், படித்த மொழி அந்த நடையிலேயே பாதி மறந்துவிடும். மொழி அப்படிப்பட்ட சரக்கு, பேசாமல் வைத்தால் தங்காது.

ஆகவே நான் கேட்பது பெரிய கட்டடமோ மொழி ஆய்வகமோ அல்ல. முதல் வருஷத்திலிருந்து வாரம் நாலு பாடவேளை. தமிழ் தெரிந்த, குறைந்தது சி1 முடித்த ஒரு ஆசிரியர், அவருக்கு ஒழுங்கான சம்பளம். மூன்றாம் வருஷத்திலிருந்து பாடப் புத்தகத்தோடு வார்டு ஜெர்மன்: ஓவர், போன், வலி எங்கே எப்படி என்று கேட்பது, கோபப்படும் உறவினருக்குப் பதில் சொல்வது, எண்களும் நேரமும் சுருக்கெழுத்தும். நர்சிங்குக்கென்றே தனியாக டெல்க் என்ற நிறுவனம் பி1-பி2 தேர்வு ஒன்று வைத்திருக்கிறது, எந்த மாநிலத்துக்குப் போகிறாளோ அங்கே அது செல்லுமா என்று பார்த்துக்கொண்டு அதற்குத் தயார் செய்தால் படித்தது வீணாகாது. கேஸ் பிரசன்டேஷனை எழுதி வாசிக்க விடாதீர்கள், பேப்பரைப் பிடுங்கிவிட்டுப் பேச விடுங்கள், முதலில் தமிழில், பிறகு ஆங்கிலத்தில், தைரியம் உள்ளவள் ஜெர்மனில். கேள்வி கேட்டவளுக்கு மார்க் குறைக்காதீர்கள்.

இங்கே இருக்கும் எங்களில் சிலர் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஆன்லைனில் வரத் தயார், காசு வேண்டாம். கோடையில் உங்களுக்கும் எங்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் நாலரை, உங்கள் பிற்பகல் மூன்று மணி எங்களுக்கு எப்போதும் ஒத்துவரும். ஓவர் கொடுப்பது எப்படி இருக்கும் என்று பேசிக் காட்டுவோம், பிள்ளைகளைப் பேச வைப்போம், தப்பாகப் பேசட்டும், சிரிக்கட்டும். எங்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை: அந்த ஒரு மணி நேரம் வகுப்பறையில் நிர்வாகத்து ஆள் யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது.

இப்படிக்கு,
ஸ்டுட்கார்ட் பக்கத்திலிருந்து, உங்கள் பழைய மாணவி ஒருத்தி